திரும்பி வந்த முதல் லோடு

அத்தியாயம் 14

விஜயதசமிக்கு மறுநாள் காலையில் பாண்டீஸ்வரி ஸ்கூட்டரை மில்லுக்குள் விட்டபோது, வாட்ச்மேன் ஆண்டிச்சாமி எழுந்திருப்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றார். நேற்றுவரை அவள் வண்டிச் சத்தம் கேட்டாலே கேட்டை அகலத் திறந்து வைக்கிற மனிதர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நேற்று நடந்ததைக் கப்பலூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பாதிப் பேர் நேரில் பார்த்தார்கள், மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் பார்த்தார்கள்.

அவள் அப்பா அழகுபாண்டியின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு நிறுத்திய மிஷின்களை விஜயதசமி காலையில் யார் சுவிட்ச் போட்டு ஓடவிடுகிறார்களோ, அந்த வருஷம் முழுக்க மில் அவர் கையில். அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த வருஷம் பொறுப்புக்கு வந்த பாண்டீஸ்வரிதான் பத்து வருஷமாக அந்தச் சுவிட்சைப் போட்டவள். பஞ்சு பார்த்து வாங்கினாள், நூலைப் பார்த்து ஏற்றினாள், மில்லைத் தலைநிமிர வைத்தாள். இந்த வருஷம் சூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தனை தொழிலாளிகளுக்கும் முன்னால் அழகுபாண்டி கூப்பிட்டது அவளை இல்லை. அவள் தம்பி ஜெயபாண்டியை.

கோயம்புத்தூரில் ஹோட்டல் வைத்து, அதை மூடிவிட்டு, ஆறு மாதம் முன்புதான் ஊருக்கு வந்து சேர்ந்தவன் ஜெயபாண்டி. எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்று அக்காவிடமே கேட்டான். அவளும் விரலை நீட்டிக் காட்டினாள். ராத்திரி முழுக்க அவளைத் தூங்கவிடாமல் குடைந்தது அதுதான். அப்பா செய்ததைக்கூட மன்னித்துவிடலாம் போல இருந்தது, நீட்டிய தன் விரலை மன்னிக்க முடியவில்லை.

நாகமலை புதுக்கோட்டையில் காலேஜ் வாத்தியாராக இருக்கும் அவள் கணவர் காலையில் சொல்லிப் பார்த்தார், இரண்டு நாள் போகாமல் இரு, ஆறட்டும் என்று. ஆறுவதற்கு அது என்ன காப்பியா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போனபோது, நூலைச் சோதிக்கும் லேப்பிலிருந்து சரண்யாதேவி வந்து வாசலில் நின்றாள். கையில் இருந்த கறுப்புப் பலகையை மேஜைமேல் வைத்தாள். நூலை அந்தப் பலகையில் நெருக்கமாகச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். கறுப்பின் மேல் வெள்ளை இழுத்த மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும். இதில் அங்கங்கே சிவப்புச் சிவப்பாகத் தெரிந்தது. நூல் சுற்றிய வேறு கோன்களிலும் எடுத்துப் பார்த்தாயா என்று கேட்டாள் பாண்டீஸ்வரி. எல்லாவற்றிலும் இருக்கிறது என்றாள் சரண்யாதேவி.

பாண்டீஸ்வரிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது ஜிகினா.

பஞ்சு கலக்கும் அறைக்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். வெள்ளைத் தொப்பி போடாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. கலர் ரிப்பன், கலர் கயிறு, பூ, எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. பூஜையானாலும் மிஷினுக்குச் சந்தனப் பொட்டு மட்டும்தான், அதையும் ஓடவிடுவதற்கு முன்னால் துடைத்துவிட வேண்டும். சாமிக்கே கட்டுப்பாடு போடுகிற மகராசி என்று தொழிலாளிகள் அவள் காதுபடவே கேலி பேசியிருக்கிறார்கள். ஆனால் பஞ்சில் ஒரு கலர் இழை விழுந்தால் மிஷின் அதைப் பொடிப்பொடியாகக் கிழித்து நூலோடு நூலாக முறுக்கிவிடும். கோனில் சுற்றியிருக்கும்போது சட்டென்று கண்ணில் படாது. துணியாகி, வெளுத்து வந்த பிறகு, கொசு கடித்த உடம்பு மாதிரி பொட்டுப் பொட்டாகத் தெரியும்.

ஜெயபாண்டிக்கு இந்தக் கஞ்சத்தனமான பூஜை பிடிக்கவில்லை. படம் எடுக்க ஒரு ட்ரோன்காரனைக் கூட்டி வந்திருந்தான். கலராக இருந்தால்தான் எடுபடும் என்று ட்ரோன்காரன் சொல்ல, மிஷினுக்கு மிஷின் சிவப்பு ஜிகினா மாலை தொங்கியது. பிரித்து அடுக்கிய பஞ்சுப் பொதிகளின் மேலேயும் தொங்கியது. ஓடவிடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்று என்று அவள் சொன்னாள். சரிக்கா என்றான். அவனுக்குப் பட்டனைக் காட்டியதும் கண் கலங்கி, யாரும் பார்ப்பதற்கு முன்னால் அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மாலைகளோடு மிஷின் ஓடினால்தான் வீடியோ நன்றாக இருக்கும் என்று தம்பிக்குத் தோன்றியிருக்கிறது.

பலகையை எடுத்துக்கொண்டு அவள் ஆபீஸ் ரூமுக்குப் போனபோது அப்பாவும் தம்பியும் இருந்தார்கள். அழகுபாண்டி பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பஞ்சு வண்டி பின்னால் நடந்து தொழிலைக் கற்றவர், அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பலகையைக் கவிழ்த்து வைத்தார்.

லோடு போகட்டும் என்றார்.

விஜயதசமிக்குப் பிறகு புறப்படுகிற முதல் லோடு நிற்கவும் கூடாது, திரும்பவும் கூடாது என்பது அவருக்கு வேதவாக்கு. இந்த லோடு திருப்பூருக்குப் போகிறது. கைக்குழந்தைகளுக்கு வெள்ளைப் பனியன் தைக்கிற கம்பெனி. பனியனில் சிவப்பு விழுந்தால் அந்தக் கம்பெனி நம்மை ஏறெடுத்தும் பார்க்காது என்று பாண்டீஸ்வரி படித்துப் படித்துச் சொன்னாள். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் அவ்வளவு பொறுமையாகக் கேட்டபோதே அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

"எனக்குந் தெரியும்த்தா. அதான் யோசிச்சு வச்சுட்டேன். திருப்பூர்க்காரரு வருசா வருசம் போனு போட்டு, இந்தத் தடவ யாரு கையில தொடங்குனீகன்னு கேப்பாருல்ல. ஒம் பேரச் சொல்லிர்றேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அப்பா நிதானமாகப் புரியவைத்தார். ஜெயபாண்டிக்கு இனிமேல்தான் பெண் பார்க்க வேண்டும், தொழிலில் பெயர் எடுக்க வேண்டும். தொட்ட முதல் லோடே கெட்டது என்று வெளியே போனால் கைராசி இல்லாதவன் என்று முத்திரை குத்திவிடுவார்கள். அவள் கட்டிக்கொடுத்து நன்றாக இருக்கிறவள். அவளை ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது? ஒத்துக்கொண்டால் பழையபடி மில்லுக்கு வந்து போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் நல்லது.

பாண்டீஸ்வரி சுவரைப் பார்த்தாள். பத்து விஜயதசமிப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் பச்சை பட்டன்மேல் அவள் கை, அவள் கையின் மேல் அப்பாவின் கை. அப்பா பெரிய கைக்காரர். படத்தில் அவள் கை தெரியவே தெரியாது. ஒவ்வொரு வருஷமும் திருப்பூர்க்காரர் கேட்கும்போது, வேற யாரு, எங் கைதான் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். பக்கத்தில் நின்றுகொண்டு அவளும் சிரித்திருக்கிறாள். அதை நினைக்கவே இப்போது உடம்பெல்லாம் எரிந்தது.

"நல்லா ஓடுன வருசமெல்லாம் ஒங்க கை. கெட்டுப்போன ஒத்த லோடு மட்டும் எங் கையாப்பா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று அப்போதும் நம்பினாள். மாலையைத் தொங்கவிட்டது நான் என்று சொன்னால் போதும். அதற்கு மேல் அவனைத் திட்டக்கூட மாட்டாள். பள்ளிக்கூட நாளில் அவன் செய்த சேட்டைக்கெல்லாம் அவள்தான் முட்டி போட்டிருக்கிறாள். ஜெயபாண்டி செல்போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. அப்பாவைவிடத் தம்பி மீதுதான் அவளுக்குக் கோபம் அதிகமாக வந்தது.

வெளியே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. இத்தனை நேரம் அவன் தள்ளித் தள்ளிப் பார்த்தது வேடிக்கை இல்லை. வண்டியை எடு, போன் வந்தாலும் எடுக்காதே என்று டிரைவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான்.

அவள் ஓடிப் போய் ஸ்கூட்டரை எடுத்தாள்.

நாலுவழிச் சாலையில் அவள் போன வேகத்தை அவள் கணவர் பார்த்திருந்தால் ஒரு மாதம் புலம்பியிருப்பார். கனரக வண்டிகள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. லாரி டிரைவர் பால்பாண்டிக்கு நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டும்போது டீ குடிக்காமல் கால் ஓடாது என்பது அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுத் தெருமுனையில் இருக்கிற கடைதான். அவள் போனபோது அவன் கிளாஸில் பாதி டீ மிச்சமிருந்தது.

பால்பாண்டி அவளைப் பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். முதல் லோடு, எங்கேயும் நிறுத்தாமல் போ என்று ஐயா சொன்னார், டீக்கு நின்றதை மட்டும் சொல்லிவிடாதீர்கள் அக்கா என்றான். நூலில் சிவப்பு விழுந்திருக்கிறது என்று அவள் சொன்னாள். எப்படி விழுந்தது, யார் பெயரைச் சொல்லப் போகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னாள். பால்பாண்டி வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. எட்டு விஜயதசமியும் அவள் பட்டன் போடுவதைக் கூட்டத்தில் நின்று பார்த்தவன். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். ஐயா கேட்டால் நான் வழிமறித்தேன் என்று சொல்லிக்கொள் என்றாள் அவள்.

"மறிச்சீகன்னு சொல்லமாட்டேன்க்கா. கூப்பிட்டீக, வந்தேன்னு சொல்றேன்."

ஸ்கூட்டரை டீக்கடையிலேயே விட்டுவிட்டு லாரியில் ஏறினாள். வண்டி திரும்பியதும் திருப்பூர்க்காரருக்குத் தானே போன் போட்டாள். இன்றைக்கு லோடு வராது, நூல் கெட்டுவிட்டது என்றாள். இந்த வருஷம் சுவிட்ச் போட்டது என் தம்பி என்றாள். இதற்கு முன்னால் பத்து வருஷம் போட்டது நான், அப்பா இல்லை என்றும் சொன்னாள். அப்பாவிடம் பேசிக்கொள்கிறேன் அம்மா என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அவர் குரலில் இருந்தது கோபமா மரியாதையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையிலும் அவள் இல்லை.

லாரி மில் வாசலுக்கு வந்தபோது ஷிப்ட் மாறுகிற நேரம். பெரிய கேட் சாத்தியிருந்தது. ஆள் நுழைகிற சின்னக் கதவு மட்டும் திறந்திருந்தது. கேட்டுக்கு உள்ளே, கம்பியைப் பிடித்துக்கொண்டு அழகுபாண்டி நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே திருப்பூர்க்காரர் பேசிவிட்டார் என்று தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வெயிலில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன மனிதர் வேர்க்க விறுவிறுக்க நின்றார். ஒரு நிமிஷம் அவளுக்கு அடிமனதில் பயம் வந்தது. அவர் வாயைத் திறந்ததும் அது போய்விட்டது.

போன லோடு உள்ளே வரக் கூடாது, வண்டியைத் திருப்பு என்று பால்பாண்டியிடம் சொன்னார். பால்பாண்டி இன்ஜினை அணைத்தான். லாரி சாலைக்குக் குறுக்காக வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் உசிலம்பட்டிப் பக்கமிருந்து பெண்களை ஏற்றிவந்த வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஹாரன் அடித்தன. சத்தம் கேட்டு வேலை முடிந்த பெண்கள் உள்ளேயிருந்து கூடினார்கள். வேலைக்கு வந்தவர்கள் வேனிலிருந்து இறங்கி வெளியே கூடினார்கள்.

குடும்ப மானத்தை ரோட்டில் போட்டு உடைத்துவிட்டாய் என்றார் அழகுபாண்டி. முப்பது வருஷமாகத் தன் பேச்சை நம்பிய திருப்பூர்க்காரர் இன்றைக்குத் தன்னைப் பொய்யன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார் என்றார். அதற்குப் பிறகு சொன்னதைத்தான் அவள் செத்தாலும் மறக்க மாட்டாள்.

"கட்டிக் குடுத்துட்டா அடுத்த வீட்டுப் பிள்ள. பாவமேன்னு உள்ள விட்டு வச்சிருந்தேன். மில்லே ஒன்னுதுன்னு நெனச்சுக்கிட்டியா?"

பாவமே என்றா? பிரசவம் முடிந்து பச்சை உடம்போடு வந்து பஞ்சு லாரியை இறக்கியது பாவமே என்றா? அவர் ஐசியூவில் கிடந்தபோது கதவுக்கு வெளியே நின்று, மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக மாறி மாறி ஓடியது பாவமே என்றா? பதில் சொல்ல வாயெடுத்தால் அழுகை வரும் போல இருந்தது. இத்தனை பேர் முன்னால் அழக் கூடாது என்பதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து ஜெயபாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அப்பாவின் தோளில் கை வைத்தான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ரொம்பப் பெருந்தன்மையாகப் பேசினான்.

"விடுங்கப்பா. அக்கா ஏதோ கோவத்துல பண்ணிருச்சு. நான் சொல்றேன், உள்ள வரட்டும். ஏதோ ஒரு வேலையப் பாத்துக்கிட்டு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

அப்பா சொன்னதுகூட அடித்த மாதிரிதான் இருந்தது. இது வெட்டின மாதிரி இருந்தது. மாலையைக் கட்டியவன் அவன். லாரியை அனுப்பியவன் அவன். அவளை உள்ளே விடுவதும் அவன். அழுகை எங்கே போனதென்றே தெரியவில்லை. பாண்டீஸ்வரி லாரியிலிருந்து இறங்கி, கேட் கம்பிக்கு நேராகப் போய் நின்றாள்.

"நீ விட்டு நான் உள்ள வரணுமாடா?"

அவன் கை அப்பாவின் தோளிலிருந்து தானாக இறங்கியது.

அவள் சத்தம் போடவில்லை. நின்ற இடத்திலிருந்தே, அங்கே கூடியிருந்த பெண்களுக்குச் சொன்னாள். லாரியில் இருக்கிற நூல் கெட்ட நூல், நேற்றுத் தொங்கின ஜிகினாவால் கெட்டது, அதை அவள் பெயரில் எழுதிவிட்டுக் குழந்தைகளின் துணிக்கு அனுப்பப் பார்த்தார்கள் என்றாள். பத்து வருஷம் இந்த மில் யார் கையில் ஓடியது என்று உங்களுக்குத் தெரியும், அதை எங்க அப்பா தன் வாயால் சொல்கிற வரை இந்த லாரி நகராது என்றாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே கூட்டத்தின் முன்வரிசையில் சரண்யாதேவி நின்றிருந்தாள். தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள்.

அழகுபாண்டி மகளைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்துச் சொன்னார்.

"போலீசுக்குப் போனப் போடுடா. எவளோ ஒருத்தி கேட்ட மறிச்சுக்கிட்டு நிக்கிறான்னு சொல்லு."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் ஐயோ என்றாள். ஜெயபாண்டி செல்லை எடுத்தான். நம்பரைத் தட்டப் போனவன் நிறுத்தினான். அப்பாவிடம் குனிந்து, பேர் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டான். அழகுபாண்டி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் சொல்றேன், சொல்லு," என்றாள் பாண்டீஸ்வரி. "அழகுபாண்டி மக பாண்டீஸ்வரின்னு சொல்லு. பத்து வருசம் இந்த மில்ல ஓட்டுனவன்னு சேத்துச் சொல்லு."

ஜெயபாண்டி செல்லைக் காதில் வைத்தான். உள்ளே முதல் ஷிப்டின் மிஷின்கள் ஆள் மாற்றுக்காகக் காத்து ஓடிக்கொண்டிருந்தன. சின்னக் கதவைப் பிடித்துக்கொண்டு, நேரமாச்சு வாங்கத்தா என்று ஆண்டிச்சாமி கூப்பிட்டுப் பார்த்தார். இரண்டாம் ஷிப்ட் பெண்களில் ஒருத்திகூட உள்ளே போகவில்லை.